திருப்பி அனுப்ப வேண்டிய முகவரி

அந்தப் பயலைக் கண்டாலே எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு, நான் ஏதோ நடுநிலையாகக் கதை சொன்னேன் என்று யாரும் ஏமாந்து போக வேண்டாம்.

நான் வீடு வீடாகப் போய்ப் பார்சல் எடுப்பவன், கொடுப்பவன். பதினோரு வருடமாக இதே தெருக்கள், இதே வண்டி, இதே இடுப்பு வலி. தலையணைக்காரம்மா வீட்டுக்கு நான் போவது சாயங்காலம் நாலு மணிக்கு. முன்னறையில் பார்சல்கள் அடுக்கியிருக்கும். உள்ளறையில் அவளுடைய வீட்டுக்காரர் இலவம் பஞ்சு நிரப்பிக்கொண்டிருப்பார். அந்த அறையில் மின்விசிறி கிடையாது. போட்டால் பஞ்சு பறக்கும். ஜன்னலையும் வலை அடித்து மூடியிருந்தார்கள். வெயில் நாளில் அங்கே ஐந்து நிமிடம் நின்றால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

அவர் மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, உள்ளுறையின் வாய்க்குள் கையைத் தோள் வரைக்கும் விட்டுத் திணிப்பார். முதலில் நாலு மூலை, அப்புறம் ஓரம், கடைசியில் நடு. முடித்துத் தராசில் வைப்பார். ஆயிரத்து நூறு கிராம் இருக்க வேண்டும். ஒரு பிடி கூடினால் எடுப்பார், குறைந்தால் வைப்பார். பிறகு வாயை மூடி ஒன்பது தையல். ஒன்பதாவதில் ஊசியைத் திருப்பி உள்ளே விட்டு ஒரு முடிச்சு. கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால்தான் தட்டுப்படும். அதற்கு மேல் ஜிப் வைத்த மேலுறையை மாட்டுவது அவள் வேலை. வேலை முடிந்து அவர் வெளியே வரும்போது புருவம், இமை, காது மடல் எல்லாம் வெள்ளை. "என்ன மச்சான், நேத்து வரைக்கும் கறுப்பா இருந்தீங்களே" என்று நான் தினமும் சொல்வேன். அவரும் புதிதாகக் கேட்பவர் போல தினமும் சிரிப்பார். அவள் என்னை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் மச்சான்கள்.

வெப்சைட் போட்டுக் கொடுத்தது அவளுடைய தம்பிக்காரன், நான் முதலில் சொன்ன அந்தப் பயல். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரன். நாலு தெருவுக்குள் முடிந்திருக்க வேண்டிய வியாபாரத்தை எங்கெங்கோ கொண்டு போனவன் அவன்தான். ஆனால் வாய் நீளம். ஒரு தடவை ஒரு பார்சலின் ஓரம் பிரிந்து போனதற்கு, நான் வேண்டுமென்றே தூக்கி எறிந்தேன் என்று எங்கள் கூரியர் ஆபீசுக்கு எழுதிப் போட்டுவிட்டான். டேப்பை ஒழுங்காக ஒட்டாதவன் அவன். எல்லார் முன்னாலும் நிற்க வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அன்றைக்கு மேலாளர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் எனக்கு இன்னும் மனப்பாடம்.

அந்த வீட்டில் சண்டை வந்தது ஒரு மூட்டையால். தம்பிக்காரன் எங்கிருந்தோ கழிவுப் பஞ்சு வாங்கி வந்தான். பாதிக்குப் பாதி கலந்தால் யாருக்கும் தெரியாது, தலையை வைக்கிறவன் கிழித்தா பார்க்கப் போகிறான் என்றான். வீட்டுக்காரர் மூட்டையைத் தூக்கி வாசலுக்குக் கொண்டு போய், தெருவே பார்க்க அவிழ்த்துக் கொட்டினார். அழுக்கு நூலும் துணித் துணுக்குமாகத் தெரு முழுக்க ஓடியது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். தம்பிக்காரன் சட்டையை மாட்டிக்கொண்டு போனவன், ஒரு மாதத்தில் மூன்று தெரு தள்ளிக் கண்ணாடிக் கதவு வைத்துச் சொந்தமாகத் தலையணைக் கடை போட்டான்.

போகும்போது இரண்டு காரியம் செய்தான். வெப்சைட்டில் லேபிள் அச்சடிக்கும் பக்கம் ஒன்று உண்டு. அதிலிருந்த எல்லாவற்றையும் துடைத்து, வெறும் கட்டங்களாக விட்டுவிட்டுப் போனான். "ஒரு கட்டத்த நிரப்பத் தெரியாது எங்கக்காவுக்கு, ஒரு வாரத்துல கால்ல வந்து விழுவா" என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறான். அது அவள் காதுக்கு வந்து சேர்ந்தது. இரண்டாவது காரியம்தான் ஈவிரக்கமில்லாதது. பழைய வாடிக்கையாளர்கள் எல்லாருடைய நம்பரும் அவனிடம் இருந்தது. அத்தனை பேருக்கும் ஒரு செய்தி அனுப்பினான். அந்த வீட்டுத் தலையணையை நிரப்புகிற ஆள் ஓயாமல் இருமுகிற சீக்காளி, அந்தப் பஞ்சில் முகம் வைத்துப் படுப்பது உங்கள் இஷ்டம் என்று.

அவர் இருமுவது உண்மை. பஞ்சுத் தூசி நெஞ்சில் படிந்துவிட்டது, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். தொழிலை விடச் சொன்னார் என்பதும் உண்மை. ஆனால் செய்தியைப் படித்தவர்களுக்கு டாக்டர் சீட்டு எங்கே தெரியப் போகிறது? தலையணைகள் திரும்பி வர ஆரம்பித்தன.

கொண்டு வந்து கொடுத்தவன் நான்தான், வேறு யார்? ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று. ஒன்றில் "வெட்கமாக இல்லையா" என்று ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அவர் ஒவ்வொன்றையும் வாங்கி, மேலுறையைக் கழற்றி, முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டுச் சுவரோரம் வைப்பார். ஆறேழு நாளில் சோற்றை ஒதுக்க ஆரம்பித்தார். அவித்த முட்டை வைத்தால் பாதி, கஞ்சி வைத்தால் இரண்டு வாய். இரும வந்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். தன் வீட்டில் தானே ஒளிந்து இருமுகிற மனிதரை நான் அப்போதுதான் பார்த்தேன். எனக்கே பொறுக்கவில்லை. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

அதுவரை அவள் முகவரிகளைக் கையால் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஆபீசில் திடீரென்று, கையெழுத்து லேபிளை இனி எடுக்காதே என்று உத்தரவு போட்டார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் பிரிண்டர் மேல் போட்டிருந்த துணியை எடுத்தாள். பிறகு, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு லீவுதானே என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உட்கார்ந்தோம். தையல் மெஷின் மேல் பழைய கம்ப்யூட்டர். ஒவ்வொரு கட்டத்தின் தலைப்பையும் அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். முதல் கட்டம், அனுப்புநர் பெயர். முன்பு அங்கே வீட்டுக்காரர் பெயர் இருந்தது. அவள் உள்ளறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, தன் பெயரைப் போட்டாள். எடை என்ற கட்டத்தில் ஒன்று புள்ளி ஒன்று என்று போட்டாள். அது கிராம் கணக்கு. ஒரு கிராம் தலையணைக்குக் கட்டணமே காட்டாமல் திரை முறைத்தது. ஆயிரத்து நூறு என்று மாற்றினோம். நீளம் அகலம் உயரம் கேட்டது. உப்பியிருக்கும்போது அளப்பதா, அமுக்கிக் கட்டிய பிறகு அளப்பதா என்று அரை மணி நேரம் பேச்சு. கட்டிய பிறகுதான் என்று நான் சொன்னேன். உப்பலுக்குக் கட்டணம் கட்டினால் வீடு தாங்காது.

லேபிள் அளவில்தான் உயிர் போனது. முதல் தடவை ஒரு முகவரி நாலு தாளில் பிரிந்து வந்தது. வீட்டு எண் ஒரு தாளில், தெரு இன்னொரு தாளில். இரண்டாவது தடவை தீப்பெட்டி அளவில் வந்தது. "இத ஒட்டுனா எறும்புதான் டெலிவரி பண்ணணும்" என்றேன். பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்தாள். பதினோராவது தாளில் லேபிள் சரியாக விழுந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, டீக்கடையில் தம்பி பேசியதை ஒரு தடவை அவளே மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அதற்குக் கீழே இன்னொரு முகவரிக் கட்டம் காலியாக இருந்தது. அது எதற்கு என்று கேட்டாள். ரிட்டர்ன் அட்ரஸ், தலையணையைத் திருப்பி அனுப்ப நினைப்பவர்களுக்கு வெப்சைட் கொடுக்கிற லேபிளில் இந்த முகவரிதான் விழும் என்றேன்.

"இங்கதான்னு போடணுமா? எத வேணா போடலாமா?"

"எதப் போட்டாலும் அங்க கொண்டு போய்க் குடுப்போம். எங்களுக்கு என்ன."

உள்ளே அவர் இருமலை அடக்குகிற சத்தம் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவன் வாயாலதான் திரும்பி வருது. அவன் மூஞ்சிலயே போய் விழட்டும். இவரு கண்ணுல இனி ஒண்ணு கூடப் படக் கூடாது அண்ணே."

தம்பிக்காரனின் கடை எண், தெரு, கைபேசி எண் எல்லாவற்றையும் ஒரு எழுத்துப் பிசகாமல் போட்டாள். தடுக்க வேண்டியவன் நான். தடுப்பேனா? கதவு எண்ணை எடுத்துக் கொடுத்தவனே நான்தான். கடைசியில் நாலைந்து சின்னச் சின்ன டிக் கட்டங்கள் இருந்தன. இதெல்லாம் என்ன என்றாள். எங்கள் ஆபீசில் ஒரு டிக் விட்டுப்போனால் படிவத்தையே முகத்தில் எறிவார்கள். அந்தப் பழக்கத்தில், இருக்கிறது எல்லாத்துக்கும் டிக் போட்டுடும்மா என்றேன். போட்டாள். சேவ் ஆனது.

அடுத்த இரண்டு வாரம் எனக்கு நல்ல காலம். திரும்பி வந்த தலையணைகளைத் தம்பிக்காரன் கடைக்குக் கொண்டு போனேன். முதல் நாள் லேபிளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அக்காவின் வேலை என்று புரிந்துகொண்டான். கத்துவான் என்று ஆசையாக நின்றேன். அவன் சிரித்தபடி கையெழுத்துப் போட்டு உள்ளே எடுத்துப் போனான். மறுநாளும் அப்படியே. வெட்கத்தில் சிரிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் மூளை.

வீட்டில் அவர், "ரிட்டர்ன் எதுவும் இல்லையா மச்சான்?" என்று கேட்பார். நின்னு போச்சு மச்சான், ஜனங்களுக்குப் புத்தி வந்துடுச்சு என்பேன். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அவர் மறுபடி முழுத் தட்டுச் சோறு சாப்பிட்டார். இருமல் வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே இருமினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் புதிதாகத் திறக்கப் போகிற ஒரு விடுதியிலிருந்து அறுபது தலையணைக்கு ஆர்டர் வந்தது. வெள்ளிக்கிழமை வண்டி ஏறினால்தான் சனிக்கிழமை போய்ச் சேரும். ஒரு நாள் தாமதமானாலும் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள். மூன்று மாதத்தில் இதுதான் பெரிய ஆர்டர். இது போனால் பஞ்சுக் கடைக்காரன் அடுத்த மூட்டையை இறக்க மாட்டான், அத்தோடு கதவைச் சாத்த வேண்டியதுதான் என்று அவள் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னாள்.

நாலு நாள் இரண்டு பேரும் அந்த அறையை விட்டு வரவில்லை. அந்த வாரம் மேகம் மூடிக்கொண்டு புழுங்கித் தள்ளியது. ஈரக்காற்றில் பஞ்சு கனக்கும், தராசு பொய் சொல்லும். அவர் மூட்டையை மொட்டை மாடிக்குத் தூக்குவதும், தூறல் விழுந்தால் இறக்குவதுமாக இருந்தார். அறுபதையும் முடித்து, அமுக்கிக் கட்டி, லேபிள் ஒட்டி, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வாசலில் அடுக்கிவிட்டார்கள்.

நான் வந்து என் கைக்கருவியைத் திறந்தேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

தினசரி நாலைந்து பார்சலுக்கு எந்த வாசலில் எடுத்தேன் என்று கருவி கேட்காது. ஐம்பதுக்கு மேல் போனால் தனி வண்டி. வண்டி எந்த முகவரிக்கு வர வேண்டுமென்று அந்த லேபிள் பக்கத்து செட்டிங்ஸ் சொல்கிறதோ, அங்கேதான் வரும். அந்த வாசலில் நின்றால்தான் ஸ்கேன் ஆகும். அந்த முகவரியில் கொடுத்த கைபேசிக்கு ஒரு நாலு இலக்க நம்பர் போகும், அதைச் சொன்னால்தான் வண்டி கிளம்பும். ரிட்டர்ன் முகவரியையே எடுக்கும் முகவரியாகவும் வைத்துக்கொள்ளவா என்று கேட்ட டிக் கட்டம் ஒன்று அங்கே இருந்திருக்கிறது. எல்லாத்துக்கும் போடு என்று சொன்ன புண்ணியவான் நான். இப்போது மாற்றினால் ஆபீஸ் சரிபார்க்க இரண்டு நாள் ஆகும்.

வண்டி தம்பிக்காரன் கடை வாசலில் நிற்கிறது என்று டிரைவர் போன் செய்தார்.

அவள் முகம் வெளுத்தது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, ஆட்டோவில் ஏற்றுங்கள் என்றாள். செட்டிங்ஸ் தவறாக விழுந்துவிட்டது என்று மட்டும் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர், நானும் வந்து இறக்குகிறேன் என்று சட்டையை மாட்டினார். நீங்க வேண்டாம், நெஞ்சு தாங்காது என்று அவள் வழியை மறித்தாள். அவர் கேட்கவில்லை. அங்கே என்ன அடுக்கியிருக்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். ஆட்டோவில் அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

கடை வாசலில் அறுபதையும் இறக்கி ஸ்கேன் பண்ணினேன். கருவி எடுத்துக்கொண்டது. கண்ணாடிக் கதவுக்குள் தம்பிக்காரன் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். இரண்டு பெண்கள் தலையணை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம்பர் அவன் கைபேசியில் விழுந்த சத்தம் எங்களுக்கே கேட்டது. அவன் எடுத்துப் பார்த்தான். பார்த்துவிட்டு மேசை மேல் கவிழ்த்து வைத்தான்.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பின்னால் நானும் அவரும். சுவரோரம் என் கண் போனது. நான் கொண்டு வந்து போட்ட முப்பத்தேழு தலையணையில் பத்துப் பன்னிரண்டுதான், அவளுடைய வெள்ளை மேலுறையோடு, மூலையில் கிடந்தன. மீதி எங்கே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவருக்கு வேறொன்று தோன்றியது. மூலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி மூலையைப் பார்த்தார். அவள் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்தது.

"நம்பரக் குடுடா," என்றாள் அவள்.

"குடுக்கறேன். என்ன அவசரம்? அன்னிக்கு என் மூட்டைய தெருவுல கொட்டுனாரே, அவரு கேக்கட்டும். 'மாப்ள, தப்புப் பண்ணிட்டேன்'னு ஒரு வார்த்த."

அப்போது அந்தப் பெண்களில் மூத்தவள் ஒரு நீல உறைத் தலையணையைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, இதுதான் நல்லா இருக்கு, மத்ததெல்லாம் கட்டி கட்டியா இருக்கு என்று கூட வந்தவளிடம் சொன்னாள். அவர் அவளருகே போனார். குடும்மா என்று கை நீட்டினார். கடை ஆள் என்று நினைத்து அவள் கொடுத்துவிட்டாள். அவர் ஜிப்பைத் திறந்து, விரலை உள்ளே விட்டுத் தடவினார். நாலு விரலும் வரிசையாக நகர்ந்து ஓர் இடத்தில் நின்றன.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் ஏன் சிரித்துச் சிரித்துக் கையெழுத்துப் போட்டான் என்று. பழி வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவனுக்கு இரண்டு வாரம் இலவசமாகச் சரக்கு சுமந்திருக்கிறேன். அவன் மேலுறையை மாற்றி விற்றுக்கொண்டிருந்திருக்கிறான். அந்த இடத்திலேயே செருப்பைக் கழற்றி அவனையும் என்னையும் சேர்த்து அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"மாமா, அத வச்சிட்டு வெளிய நில்லுங்க. நம்பர் தர்றேன்." தம்பிக்காரன் எழுந்துவிட்டான். குரலில் சுருதி இறங்கியிருந்தது.

அவர் மூக்கிலும் வாயிலும் கை வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்ததிலிருந்தே அடக்கிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். இப்போது கையை எடுத்தார். இருமினார். மெதுவாக இல்லை, ஒளிந்தும் இல்லை. கடை நடுவில், தலையணையை அக்குளில் இடுக்கி, குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை இருமினார். நிமிர்ந்து அந்தப் பெண்ணிடம் தலையணையைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல தலையணதான்மா. நான் நிரப்புனது. உள்ள தடவிப் பாருங்க, ஒம்பதாவது தையல்ல ஒரு முடிச்சு இருக்கும், என் முடிச்சு. ஓயாம இருமுற சீக்காளின்னு உங்களுக்கும் செய்தி வந்திருக்கும். இந்தக் கடைக்காரர் அனுப்புனதுதான். அந்த ஆளு நான்தான்."

அந்தப் பெண் தலையணையைக் கீழே வைத்தாள். வைத்த கையைப் புடவையில் துடைத்தாள். பிறகு கன்னத்தையும் துடைத்தாள். கூட வந்தவள், போன வாரம் இங்கேதானே இரண்டு வாங்கினோம் என்று தம்பிக்காரனைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டாள். வாசலில் ஆட்டோக்காரர், டிரைவர், பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் வந்து கதவருகே நின்றார்கள்.

தம்பிக்காரன் கைபேசியை எடுத்து, நாலு இலக்கத்தையும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். நான் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்ல வைத்துப் பதிந்தேன். வண்டி கிளம்பியது.

என் நெஞ்சு குளிர்ந்ததா என்று கேட்டால், குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன். தெருமுனை வரைக்கும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எப்படிக் கொடுத்தீங்க மச்சான், மூஞ்சில கரியப் பூசிட்டீங்களே என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தேன். அவர் நடப்பது மெதுவாகி, ஒரு சுவரோரம் கை ஊன்றி நின்றார்.

"கன்னத்துல வச்சிருந்தாங்க மச்சான், அந்தம்மா," என்றார். "நல்லா இருக்குன்னு சொன்னாங்க. காதால கேட்டேன். நான் சொன்னதும் கையத் தொடச்சாங்க."

அவள் பக்கத்தில் வந்து நின்றாள். தொடவில்லை.

"மொத்தம் எத்தன?" என்று கேட்டார்.

"முப்பத்தேழு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். வீட்டுக்குப் போனதும் கம்ப்யூட்டரைப் போட்டு, தம்பிக்காரன் முகவரியை எழுத்து எழுத்தாக அழித்தாள். தன் வீட்டு முகவரியைப் போட்டாள். அந்த டிக்கை எடுத்தாள். வரது இங்கயே வரட்டும், ரெண்டு பேருமா பாத்துக்கலாம் என்றாள். அவர் உள்ளறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மேலே முதல் கட்டத்தைக் காட்டி, அதில் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டார். என் பேருதான் என்றாள். அதை மாத்து என்றார். என்ன போட வேண்டும் என்று சொன்னார். அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை என்று தெரிந்ததும் அதையே போட்டாள்.

அந்தக் கண்ணாடிக் கதவுக் கடையில் ஒரு வாரத்துக்கு நீல உறைத் தலையணைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வந்து நின்றார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அத்தனை நாள் ஆசைப்பட்டவன்தான்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் நாலு மணிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் இரண்டே பார்சல். உள்ளே அவர் இருமிக்கொண்டே நிரப்பிக்கொண்டிருந்தார், கதவு திறந்திருந்தது. லேபிளைப் பார்த்தேன். பெறுநர், எடை, நீளம் அகலம் எல்லாம் சரியாக இருந்தன. அனுப்புநர் என்ற இடத்தில், பெரிய எழுத்தில், 'இருமல்காரர்' என்று இருந்தது. ஸ்கேன் பண்ணினேன். கருவி எடுத்துக்கொண்டது.